மெம்ஃபிஸ் குழு (வடிவமைப்பு)

மெம்ஃபிஸ் குழு என்பது 1980களில் இத்தாலியின் மிலான் நகரை மையமாகக் கொண்டு இயங்கிய வடிவமைப்பாளர் குழு ஆகும். கட்டிடக்கலைஞரும் வடிவமைப்பாளருமான எட்டோரே சொட்சாஸ் தலைமையில் 1980 டிசம்பரில் இக்குழு தோன்றியது. மேசை, நாற்காலி, அலமாரி முதலிய அறைகலன்களையும், விளக்குகள், துணிகள், மட்பாண்டங்கள், கண்ணாடிப் பொருட்கள், வெள்ளிப் பொருட்கள், கடிகாரங்கள் ஆகியவற்றையும் இக்குழுவினர் வடிவமைத்தனர்.

ஒன்றோடொன்று பொருந்தாதவை எனக் கருதப்பட்ட நிறங்களை அருகருகே வைத்தல், வட்டம், முக்கோணம், உருளை போன்ற எளிய வடிவங்களை விளையாட்டுக் கட்டைகள் போல் அடுக்குதல், விலைமலிவான பொருட்களை விலையுயர்ந்த பொருட்களோடு சேர்த்தல் ஆகியன இவர்களது படைப்புகளின் அடையாளங்கள் ஆகும். பின்நவீனத்துவ வடிவமைப்புக்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டாக இக்குழு கருதப்படுகின்றது. சுமார் ஏழு ஆண்டுகளே இயங்கிய போதிலும், ஒரு வீட்டுப் பொருள் பயன்பட்டால் மட்டும் போதுமா, அது மகிழ்விக்கவும் வேண்டுமா என்னும் கேள்வியை வடிவமைப்புத் துறையின் நடுவில் வைத்தது இக்குழுவின் முக்கிய பங்களிப்பு ஆகும்.

பெயர்க் காரணம்

குழுவின் முதற் கூட்டம் டிசம்பர் 11, 1980 அன்று மிலானில் சொட்சாசின் வீட்டில் நடைபெற்றது. அன்றிரவு அமெரிக்கப் பாடகர் பாப் டிலான் 1966இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு ஒலித்துக் கொண்டிருந்தது. அதில் மெம்ஃபிஸ் என்ற ஊர்ப்பெயர் இடம்பெறும் பாடல் திரும்பத் திரும்ப ஒலித்தமையால், அப்பெயரையே குழுவுக்குச் சூட்டினர்.

மெம்ஃபிஸ் என்பது பண்டைய எகிப்தின் தலைநகரங்களுள் ஒன்றின் பெயர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் புளூஸ், ராக் இசை வகைகளுக்குப் புகழ்பெற்ற நகரத்தின் பெயரும் அதுவே. தொன்மையான பேரரசு ஒன்றையும் வெகுமக்கள் இசையையும் ஒரே சொல் நினைவூட்டுவது, உயர்ந்த பண்பாடு, தாழ்ந்த பண்பாடு என்ற பிரிவை ஏற்க மறுத்த இக்குழுவினருக்குப் பொருத்தமாக அமைந்தது. மற்றபடி அவ்விரு நகரங்களுக்கும் குழுவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

பின்னணி

நவீனத்துவ வடிவமைப்பு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பாவில் வளர்ந்த நவீனத்துவ வடிவமைப்பு, பொருளின் வடிவத்தை அதன் பயன்பாடே தீர்மானிக்க வேண்டும் என்ற கொள்கையை முதன்மைப்படுத்தியது. செருமனியில் 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹவுஸ் பள்ளி இக்கொள்கையைப் பரப்பியதில் முதன்மையானது. தேவையற்ற அலங்காரத்தை நீக்குதல், எஃகுக் குழாய், கண்ணாடி போன்ற தொழிற்சாலைப் பொருட்களைப் பயன்படுத்துதல், பெருமளவில் உற்பத்தி செய்து எல்லோருக்கும் நல்ல பொருளைக் கிடைக்கச் செய்தல் ஆகியன அதன் நோக்கங்களாக இருந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இக்கொள்கை மேற்கு நாடுகளின் அலுவலகங்களிலும் வீடுகளிலும் நிலைபெற்றது. 1960களில் அதுவே ஒரு கட்டாய விதியாகிவிட்டது என இளம் வடிவமைப்பாளர்கள் கருதினர். சாம்பல், வெள்ளை, கருப்பு, பழுப்பு ஆகிய நிறங்களுக்குள் அடங்கிய பொருட்கள் நல்ல இரசனை என்ற பெயரில் மனிதரின் உணர்ச்சிகளை ஒதுக்கிவிட்டன என்பது அவர்களது குற்றச்சாட்டு ஆகும்.

இத்தாலியில் 1966இல் புளோரன்ஸ் நகரில் தோன்றிய ஆர்க்கிசூம், சூப்பர்ஸ்டூடியோ ஆகிய குழுக்கள் இந்த எதிர்ப்பைக் கேலியும் கற்பனையும் கலந்த திட்டங்களாக வெளியிட்டன. இவ்வியக்கம் தீவிர வடிவமைப்பு எனப்பட்டது. 1972இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்தாலிய வடிவமைப்பு பற்றி நடத்திய பெரிய கண்காட்சி இதனை உலக அளவில் அறியச் செய்தது.

எட்டோரே சொட்சாஸ்

சொட்சாஸ் (1917–2007) ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் பிறந்தவர். இவரது தந்தையும் கட்டிடக்கலைஞர். தூரின் நகரில் கட்டிடக்கலை பயின்ற இவர், 1958 முதல் தட்டச்சுப் பொறிகளும் கணக்கிடும் பொறிகளும் தயாரித்த ஒலிவெட்டி நிறுவனத்துக்கு ஆலோசகராகப் பணியாற்றினார்.

ஒலிவெட்டிக்காக இவர் வடிவமைத்த எலேயா 9003 என்னும் கணினி, முழுவதும் திரிதடையங்களால் இயங்கிய தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்று ஆகும். அறை முழுவதையும் நிரப்பிய அப்பெரும் பொறியை இயக்குபவர் எளிதில் புரிந்துகொள்ளும் வண்ணம், அதன் பெட்டிகளின் உயரத்தையும் நிறக் குறியீடுகளையும் இவர் திட்டமிட்டார். இப்பணிக்கு 1959இல் இத்தாலியின் உயரிய வடிவமைப்பு விருதான கொம்பாசோ தோரோ வழங்கப்பட்டது.

1969இல் பெரி கிங் என்பவருடன் இணைந்து இவர் வடிவமைத்த வாலண்டைன் என்னும் கையடக்கத் தட்டச்சுப் பொறி ஒளிரும் சிவப்பு நிறத்தில் வெளிவந்தது. அலுவலகத்துக்கு வெளியே எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் சென்று எழுதலாம் என்ற எண்ணத்தை அதன் நிறமே சொல்லியது. அது எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை எனினும், இன்று பல அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளது.

சொட்சாசின் சிந்தனையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1961இல் இவர் இந்தியாவில் பயணம் செய்தார். பயணத்துக்குப் பின் கடுமையான சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்டு, 1962இல் கலிபோர்னியாவில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தார். இதன் பின்னர் இவர் உருவாக்கிய மட்பாண்டத் தொகுதிகளுள் ஒன்று இருளின் மட்பாண்டங்கள் (1963) என்றும், மற்றொன்று சிவனுக்குக் காணிக்கைகள் (1964) என்றும் பெயர் பெற்றன. அன்றாடப் பொருள் ஒன்று வழிபாட்டுப் பொருளைப் போல மனிதருடன் உணர்வுபூர்வமான உறவு கொள்ள முடியும் என்ற எண்ணம் இவரது பிற்காலப் படைப்புகளிலும் தொடர்ந்தது.

ஸ்டூடியோ அல்கிமியா

1976இல் மிலானில் தொடங்கப்பட்ட ஸ்டூடியோ அல்கிமியா என்ற அமைப்பு மெம்ஃபிசுக்கு நேரடி முன்னோடி ஆகும். இதன் முக்கிய சிந்தனையாளர் அலெஸ்ஸாந்த்ரோ மெண்டினி. பழங்கால பாணியில் அமைந்த சாய்வு நாற்காலி ஒன்றின் மரத்திலும் துணியிலும் வண்ணப் புள்ளிகளைத் தீட்டி இவர் 1978இல் உருவாக்கிய புரூஸ்ட் நாற்காலி புகழ்பெற்றது.

சொட்சாசும் இவ்வமைப்பில் பங்கேற்றார். ஆனால் புதிய வடிவம் என ஒன்று இனி இல்லை, உள்ளதை மறுபடி அலங்கரிப்பதே எஞ்சியுள்ளது என்ற மெண்டினியின் நோக்கு அவருக்கு உடன்பாடாக இல்லை. கலைக்கூடங்களுக்காக ஓரிரு படிகள் மட்டும் செய்வதை விட, தொழிற்கூடங்களுடன் இணைந்து விற்பனைக்குரிய பொருட்களை உருவாக்கவே அவர் விரும்பினார். இவ்வேறுபாடே புதிய குழு தோன்றக் காரணமாயிற்று.

குழுவின் தோற்றம்

1980 டிசம்பரில் சொட்சாசுக்கு வயது 63. அவரைச் சூழ்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். மார்ட்டீன் பெடானுக்கு வயது 23. மிக்கேலே டி லூக்கிக்கு 29. புகழின் உச்சியில் இருந்த மூத்தவர் ஒருவர், பெயர் அறியப்படாத இளையவர்களுடன் சமமாக அமர்ந்து பணியாற்றியது இக்குழுவின் தனித்தன்மைகளுள் ஒன்று.

1981 பெப்ரவரியில் அவர்கள் மீண்டும் கூடியபோது நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்கள் தயாராக இருந்தன. இவற்றைப் பொருட்களாக மாற்றப் பலர் உதவினர்:

- ரென்சோ புருகோலா என்னும் தச்சர் மரவேலைகளை ஏற்றார்.
- மாரியோ கொதானி, புருனெல்லா கொதானி ஆகியோர் தமது ஆர்க் 74 என்னும் காட்சிக்கூடத்தை அளித்தனர்.
- ஆர்டெமிடே விளக்கு நிறுவனத்தின் தலைவர் எர்னெஸ்தோ ஜிஸ்மொந்தி முதலீட்டு ஆதரவு தந்தார்.
- ஆபெட் லாமினாத்தி நிறுவனம் லாமினேட் தகடுகளை வழங்கியது.

எழுத்தாளர் பார்பரா ராடிச்சே குழுவின் கலை இயக்குநராகச் செயற்பட்டார். 1984இல் இவர் வெளியிட்ட நூல், குழுவின் தொடக்க காலம் பற்றிய முதன்மையான பதிவு ஆகும்.

முதற் கண்காட்சி

குழுவின் முதற் கண்காட்சி செப்டம்பர் 18, 1981 அன்று மிலானில், ஆர்க் 74 காட்சிக்கூடத்தில் தொடங்கியது. அவ்வேளையில் மிலானின் ஆண்டு அறைகலன் சந்தையும் நடைபெற்றுக் கொண்டிருந்ததால் உலகெங்கிலும் இருந்து வணிகர்களும் இதழாளர்களும் நகரில் திரண்டிருந்தனர். 31 அறைகலன்கள், 10 விளக்குகள், 3 கடிகாரங்கள், 11 மட்பாண்டங்கள் என மொத்தம் 55 பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. தொடக்க நாளில் சுமார் 2,500 பேர் வந்ததாகக் கூறப்படுகிறது. காட்சிக்கூடத்துக்கு வெளியே தெருவையும் கூட்டம் நிரப்பியது.

முதல் தொகுப்பின் பல பொருட்களுக்குப் புகழ்பெற்ற ஆடம்பர விடுதிகளின் பெயர்கள் இடப்பட்டன. கார்ல்டன், பிளாசா என்பன இவ்வாறு வந்தவை. ஓபராய் என்னும் நாற்காலியும் அசோகா என்னும் விளக்கும் இந்தியாவை நினைவூட்டுவன. ஆடம்பரம் என்ற சொல்லுக்கு மலிவான லாமினேட்டைக் கொண்டு புதுப்பொருள் தந்தமை இப்பெயர்களில் உள்ள கேலி ஆகும்.

வடிவமைப்பின் இயல்புகள்

நிறமும் வடிவமும்

நவீனத்துவ அறைகலன்களில் ஒரு பொருளின் எல்லா உறுப்புகளும் ஒரே நிறத்தில் அல்லது நெருங்கிய நிறங்களில் அமைவது வழக்கம். மெம்ஃபிஸ் படைப்புகளில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி நிறம் பெறுகிறது. மேசையின் நான்கு கால்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஒரு கால் உருளையாகவும் இன்னொன்று பலகையாகவும் அமையலாம். இதனால் பொருள் முழுமையான ஓர் உருவமாகத் தோன்றாமல், பல உறுப்புகள் சேர்ந்து நடத்தும் உரையாடல் போலத் தோன்றுகிறது. பல பொருட்கள் விலங்கு, பறவை, மனிதர், கட்டிடம், பொம்மை ஆகியவற்றின் சாயலைக் கொண்டுள்ளன.

மேற்பரப்புக் கோலங்கள்

நவீனத்துவத்தில் மேற்பரப்பு என்பது பொருளின் இயல்பான நிறத்தையும் ரேகையையும் காட்ட வேண்டிய இடம். மெம்ஃபிஸ் குழுவினருக்கோ அது வரைவதற்கான இடம். சொட்சாஸ் 1978இல் ஆபெட் லாமினாத்திக்காக வரைந்த பாக்டீரியோ என்னும் கோலம் இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. நுண்ணோக்கியில் தெரியும் கிருமிகளைப் போல, வெள்ளைப் பரப்பில் நெளியும் சிறு கருங்கோடுகளால் ஆனது இது. இக்கோலத்துக்கு மேல், கீழ், தொடக்கம், முடிவு என எதுவும் இல்லை. ஆதலால் எந்த அளவிலும் எந்தத் திசையிலும் வெட்டிப் பயன்படுத்த முடிந்தது.

துணிகளுக்கும் லாமினேட்டுகளுக்கும் மிகுதியான கோலங்களை வரைந்தவர் நத்தலி டு பாஸ்கியே. பிரான்சின் போர்தோ நகரில் பிறந்த இவர், முறையான கலைக்கல்வி பெறாதவர். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் மேற்கொண்ட பயணங்களில் கண்ட துணிகளும் நிறங்களும் இவரது கோலங்களில் வெளிப்படுகின்றன.

லாமினேட்

மெம்ஃபிஸ் அறைகலன்களைப் புரிந்துகொள்ள லாமினேட் என்னும் பொருளை அறிவது தேவை. தமிழ்நாட்டில் தச்சர்கள் ஒரு வணிகப் பெயரைக் கொண்டு சன்மைக்கா என்று குறிப்பிடுவது இவ்வகைத் தகட்டையே ஆகும். பிசினில் ஊறவைத்த பல காகிதத் தாள்களை அடுக்கி, அவற்றின் மேல் நிறமோ கோலமோ அச்சிட்ட தாளை வைத்து, வெப்பத்துடன் மிகுந்த அழுத்தம் கொடுத்தால் அவை ஒரே கெட்டியான தகடாகின்றன. அத்தகடு ஒட்டுப்பலகையின் மீதோ மரத்தூள் பலகையின் மீதோ ஒட்டப்படுகிறது. நீர், சூடு, கீறல் ஆகியவற்றை ஓரளவு தாங்குவதால் சமையலறை மேடைகளிலும் உணவகங்களிலும் இது பெரிதும் பயன்பட்டது.

அக்காலத்து இத்தாலியில் லாமினேட் என்பது சமையலறைக்கும் காப்பிக் கடைக்கும் உரியதாகக் கருதப்பட்டது. வரவேற்பறைக்கு வரும்போது அது மரத்தைப் போலவோ பளிங்கைப் போலவோ வேடமிட்டே வந்தது. மெம்ஃபிஸ் குழுவினர் அவ்வேடத்தை நீக்கினர். லாமினேட் லாமினேட்டாகவே, தனக்குரிய நிறத்துடனும் கோலத்துடனும் வரவேற்பறையின் நடுவில் நின்றது. அதே வேளையில் உயர்ந்த மரத்தகடு, பளிங்கு, வெள்ளி ஆகியவற்றையும் அதனருகில் வைத்தனர்.

தமிழ்நாட்டு வீடுகளில் மொசைக் தரை என அறியப்படும் கற்சில்லுத் தரையின் பொருளும் இவ்வாறே அறைகலனாக மாறியது. ஷிரோ குராமாத்தாவின் கியோட்டோ மேசை (1983) சிமெந்துக் கலவையில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்யப்பட்டது ஆகும்.

பயன்பாடு பற்றிய பார்வை

இக்குழுவினர் பயன்பாட்டைக் கைவிட்டனர் என்ற கருத்து முழுமையாகச் சரியன்று. ஒரு நாற்காலி அமர்வதற்கு மட்டுமல்ல. அது பார்ப்பவருக்கு ஒரு செய்தியைச் சொல்கிறது, அறையின் மனநிலையை மாற்றுகிறது, உடையவரைச் சிரிக்க வைக்கிறது. இவையும் பயன்பாடுகளே என்பது அவர்களது வாதம். எனவே பயன்பாடு என்ற சொல்லின் எல்லையை அவர்கள் விரிவாக்கினர் எனக் கொள்வதே பொருந்தும்.

முக்கிய படைப்புகள்

கார்ல்டன் (சொட்சாஸ், 1981)

குழுவின் சின்னமாகவே கருதப்படும் இப்படைப்பு, புத்தக அலமாரியாகவும் அறையைப் பிரிக்கும் தட்டியாகவும் பயன்படுவது. ஏறத்தாழ 195 செ.மீ உயரமும் 190 செ.மீ அகலமும் 40 செ.மீ ஆழமும் கொண்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் முதலிய நிறங்களில் பலகைகள் சாய்வாகவும் நேராகவும் கிளைவிடுகின்றன. உச்சியில் கைகளை விரித்து நிற்கும் மனித உருவம் போன்ற அமைப்பு உள்ளது.

முதற் பார்வையில் ஒழுங்கற்றதாகத் தோன்றினாலும், இதன் பலகைகள் சமபக்க முக்கோணங்களை அடிப்படையாகக் கொண்ட தெளிவான கட்டமைப்பில் நிற்கின்றன. சாய்ந்த பலகைகளில் புத்தகங்கள் தாமாகவே சாய்ந்து நிற்கும். மலிவான லாமினேட்டால் மூடப்பட்டது எனினும் வேலைப்பாடு நுட்பமானது. விலையும் அதற்கேற்ப உயர்வாகவே இருந்தது.

சூப்பர் விளக்கு (மார்ட்டீன் பெடான், 1981)

அரைவட்ட வடிவான உடலின் விளிம்பில் மின்குமிழ்கள் வரிசையாகப் பொருத்தப்பட்ட தரை விளக்கு. அடியில் சிறு சக்கரங்கள் உள்ளன. குழந்தைகள் கயிற்றால் இழுக்கும் பொம்மை வண்டியைப் போல இதனை மின்கம்பியுடன் அறைக்குள் இழுத்துச் செல்லலாம்.

தவராயா (மசனோரி உமேடா, 1981)

குத்துச்சண்டை மேடையின் வடிவில் அமைந்த இருக்கை. கயிறுகள் கட்டிய மேடையின் தரையில், கோரையால் பின்னப்பட்ட ஜப்பானிய தாத்தாமிப் பாய் விரிக்கப்பட்டுள்ளது. சண்டைக்கான இடம் உரையாடுவதற்கும் ஓய்வுக்கும் உரிய இடமாக மாறுகிறது. குழுவினர் அனைவரும் இதற்குள் அமர்ந்து எடுத்துக்கொண்ட ஒளிப்படம், மெம்ஃபிஸ் பற்றிய நூல்களில் தவறாது இடம்பெறுவது.

பிற படைப்புகள்

- தாகித்தி (சொட்சாஸ், 1981): நீண்ட கழுத்துப் பறவை போன்ற மேசை விளக்கு. இதன் அடித்தளம் பாக்டீரியோ கோலம் கொண்டது.
- காசாபிளாங்கா (சொட்சாஸ், 1981): கைகளை உயர்த்தி நிற்பது போன்ற அலமாரி.
- பிளாசா (மைக்கேல் கிரேவ்ஸ், 1981): வானளாவிய கட்டிடத்தை ஒத்த ஒப்பனை மேசை.
- பெல் ஏர் (பீட்டர் ஷயர், 1982): கடற்கரைப் பந்தை நினைவூட்டும் உருண்டையைக் காலாகக் கொண்ட நாற்காலி.
- மூர்மான்ஸ்க் (சொட்சாஸ், 1982): வளைந்து நெளிந்த கால்களை உடைய வெள்ளிப் பழக்கிண்ணம்.
- ஃபர்ஸ்ட் (மிக்கேலே டி லூக்கி, 1983): வளையமாக வளைந்த உலோகக் குழாயில் ஒரு வட்டத்தகட்டை முதுகு சாய்வதற்கும், இரு உருண்டைகளைக் கைகளுக்கும் கொண்ட நாற்காலி.
- ராயல் (நத்தலி டு பாஸ்கியே, 1983): கோலமிட்ட துணியும் லாமினேட்டும் இணைந்த சாய்விருக்கை.

உறுப்பினர்கள்

மெம்ஃபிஸ் முறையான உறுப்பினர் பட்டியல் கொண்ட சங்கமாக இயங்கவில்லை. மிலானில் இருந்தவர்கள் மையமாகவும், பிற நாட்டினர் அழைப்பின் பேரில் பங்களிப்பவர்களாகவும் இருந்தனர்.

மிலானில் இயங்கியோர்:
- எட்டோரே சொட்சாஸ்
- மிக்கேலே டி லூக்கி
- மார்ட்டீன் பெடான் (பிரான்சு)
- நத்தலி டு பாஸ்கியே (பிரான்சு)
- ஜார்ஜ் சௌடன் (இங்கிலாந்து)
- மத்தேயோ தூன்
- ஆல்டோ சிபிக்
- மார்க்கோ சனினி
- பார்பரா ராடிச்சே

பங்களித்த பிறர்:
- ஷிரோ குராமாத்தா, மசனோரி உமேடா, அராட்டா இசோசாக்கி (ஜப்பான்)
- மைக்கேல் கிரேவ்ஸ், பீட்டர் ஷயர் (அமெரிக்கா)
- ஹான்ஸ் ஹோலைன் (ஆஸ்திரியா)
- ஹவியேர் மரிஸ்கால் (எசுப்பானியா)
- அந்திரேயா பிரான்சி (இத்தாலி)

வரவேற்பும் விமர்சனமும்

வடிவமைப்பு இதழ்கள் முதற் கண்காட்சியை விரிவாக வெளியிட்டன. அடுத்த ஆண்டே, 1982இல், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியக வளாகத்தில் இருந்த பாய்லர்ஹவுஸ் காட்சிக்கூடத்தில் மெம்ஃபிஸ் படைப்புகள் வைக்கப்பட்டன. ஆடை வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட், மொனாக்கோவின் மான்டே கார்லோவில் இருந்த தமது அடுக்ககத்தை மெம்ஃபிஸ் பொருட்களால் நிரப்பினார். அதில் தவராயா மேடையும் இருந்தது. பின்னர் 1991இல் அவர் இத்தொகுப்பை ஏலத்தில் விற்றுவிட்டார்.

இக்குழு மீதான விமர்சனங்கள் பொதுவாக மூன்று வகைப்படும்.

முதலாவது, இரசனை பற்றியது. இப்பொருட்கள் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களைப் போன்றவை, கண்ணை உறுத்துபவை, விரைவில் சலிப்பூட்டுபவை எனப் பலர் எழுதினர்.

இரண்டாவது, பயன்பாடு பற்றியது. சில இருக்கைகள் நெடுநேரம் அமர ஏற்றவை அல்ல. பெரிய, கனமான பொருட்கள் சிறிய வீடுகளுக்குப் பொருந்தவில்லை.

மூன்றாவது, மிகக் கடுமையானது. எளிய மக்களின் சமையலறைப் பொருளைப் போற்றுவதாகக் கூறிய இக்குழுவின் படைப்புகளை எளிய மக்களால் வாங்க முடியவில்லை. குறைந்த எண்ணிக்கையில், கைவேலை மிகுந்து செய்யப்பட்டமையால் விலை உயர்ந்து, அவை செல்வந்தர்களின் சேகரிப்புகளையே சென்றடைந்தன. நல்ல பொருளை எல்லோருக்கும் தர வேண்டும் என்ற பௌஹவுசின் கனவும் பெருமளவில் இவ்வாறே முடிந்தது என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

இதற்கு மறுமொழியாக, மெம்ஃபிசின் உண்மையான விளைபொருள் அறைகலன்கள் அல்ல, அவற்றின் படங்கள் பரப்பிய எண்ணமே என்று ஆதரவாளர்கள் கூறுவர். சில நூறு பேர் வாங்கிய பொருட்களை இதழ்களின் வழியாக இலட்சக்கணக்கானோர் கண்டனர். கண்டவர்களுள் பலர் தாமே துணி, கடிகாரம், குவளை, அட்டை ஆகியவற்றை வடிவமைப்பவர்களாக இருந்தனர். அவர்களின் வழியாக மெம்ஃபிசின் நிறங்கள் மலிவான பொருட்களுக்கும் வந்து சேர்ந்தன.

கலைப்பு

மெம்ஃபிஸ் நிரந்தரமாக நீடிக்க வேண்டும் என்று சொட்சாஸ் விரும்பவில்லை. மெம்ஃபிஸ் பொருட்களால் மட்டுமே வீட்டை நிரப்புவதை அவர் கேக்கை மட்டுமே உண்டு வாழ்வதற்கு ஒப்பிட்டார். நிலைபெற்ற இரசனைக்கு எதிராகத் தோன்றிய குழு, தானே ஒரு நிலைபெற்ற பாணியாக மாறிவருவதை உணர்ந்த அவர் 1985இல் விலகித் தமது சொட்சாஸ் அசோசியாத்தி நிறுவனத்தின் கட்டிடக்கலைப் பணிகளில் ஈடுபட்டார். குழு 1987–88 காலப்பகுதியில் கலைந்தது.

டு பாஸ்கியே 1987இல் வடிவமைப்பை விட்டு ஓவியத்துக்குத் திரும்பினார். டி லூக்கி, தூன், சிபிக், சௌடன் ஆகியோர் தனித்தனியே புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களாயினர். சொட்சாஸ் டிசம்பர் 31, 2007 அன்று மிலானில் காலமானார்.

மெம்ஃபிஸ் மிலானோ என்னும் நிறுவனம் 1980களின் வடிவங்களைப் பின்னரும் தொடர்ந்து தயாரித்து வந்தது. 2022இல் இது இத்தாலியன் ராடிக்கல் டிசைன் என்ற குழுமத்தின் கீழ் வந்தது.

தாக்கம்

1980களின் தொலைக்காட்சி, திரைப்படம், விளம்பரம் ஆகியவற்றில் மெம்ஃபிஸ் பாணி வேகமாகப் பரவியது. ரூத்லெஸ் பீப்பிள் (1986) என்னும் ஆலிவுட் திரைப்படத்தில் ஒரு செல்வந்தரின் வீடு மெம்ஃபிஸ் பாணி அறைகலன்களால் நிரப்பப்பட்டிருந்தது. 1989இல் தொடங்கிய சேவ்ட் பை த பெல் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அரங்க அமைப்பிலும் இப்பாணியைக் காணலாம்.

வீட்டுப் பொருட்களில் விளையாட்டுத்தன்மை வணிக வெற்றி பெறவும் இது வழிவகுத்தது. மெம்ஃபிசில் பங்களித்த மைக்கேல் கிரேவ்ஸ், இத்தாலியின் அலெசி நிறுவனத்துக்காக 1985இல் வடிவமைத்த கெண்டியின் மூக்கில் ஒரு சிறு பறவை அமர்ந்துள்ளது; நீர் கொதித்ததும் அது சீழ்க்கையடிக்கும். மெண்டினி அதே நிறுவனத்துக்காக 1994இல் வடிவமைத்த தக்கைத் திறப்பான், கைகளை உயர்த்தும் பெண்ணுருவாக அமைந்தது. இவை பெருமளவில் விற்பனையாயின. மெம்ஃபிஸ் தொடங்கிய நோக்கம் ஒருவகையில் இங்கே நிறைவேறியது எனலாம்.

1990களில் எளிமைப் பாணி மீண்டும் வந்தபோது மெம்ஃபிஸ் கேலிக்குரியதாயிற்று. 2010களில் அதன் மீதான ஆர்வம் புத்துயிர் பெற்றது. பாடகர் டேவிட் போவி தமது வாழ்நாளில் சொட்சாசின் படைப்புகளையும் மெம்ஃபிஸ் பொருட்களையும் அமைதியாகச் சேகரித்து வந்தது 2016இல் அவர் மறைந்த பின்னரே பரவலாகத் தெரியவந்தது. அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் நடைபெற்ற ஏலத்தில், சில நூறு பவுண்கள் மதிப்பிடப்பட்ட அவரது வாலண்டைன் தட்டச்சுப் பொறி 45,000 பவுண்களுக்கு விலைபோனது.

கார்ப்பரேட் மெம்ஃபிஸ்

2010களின் பிற்பகுதியில் தொழில்நுட்ப நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் செயலிகளிலும் பரவிய ஒரு பட வகை கார்ப்பரேட் மெம்ஃபிஸ் எனப் பட்டப்பெயர் பெற்றது. நிழலற்ற தட்டையான நிறங்கள், சிறிய தலை, நீண்டு வளைந்த கைகால்கள் கொண்ட மனிதர் ஆகியன அதன் அடையாளங்கள். 2017இல் ஃபேஸ்புக் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட அலெக்ரியா என்னும் படத்தொகுதி இதற்கு முதன்மை எடுத்துக்காட்டு.

பெயரில் ஒற்றுமை இருப்பினும் இதனை மெம்ஃபிஸ் குழுவினர் உருவாக்கவில்லை. எளிய வடிவங்களும் பளிச்சிடும் நிறங்களும் மட்டுமே இரண்டுக்கும் பொதுவானவை. மெம்ஃபிஸ் யாரையாவது உறுத்த வேண்டும் என்றே அமைந்தது. கார்ப்பரேட் மெம்ஃபிஸ் யாரையும் உறுத்தாமல் இருப்பதற்காக அமைந்தது. ஒரு பாணியின் தோற்றம் எஞ்சி அதன் கேள்வி மறைந்து போவதற்கு இது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

அருங்காட்சியகங்களும் கண்காட்சிகளும்

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், செருமனியின் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் ஆகியவற்றின் சேகரிப்புகளில் மெம்ஃபிஸ் படைப்புகள் உள்ளன. குறிப்பிடத்தக்க கண்காட்சிகளுள் சில:

- 2011: பின்நவீனத்துவம் பற்றிய கண்காட்சி, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், லண்டன்
- 2017: சொட்சாஸ் பிறந்த நூற்றாண்டை ஒட்டிய கண்காட்சி, மெட் புரூவர், நியூயார்க்
- 2021: மெம்ஃபிசின் 40 ஆண்டுகள், விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம், வைல் ஆம் ரைன்

இவற்றையும் பார்க்க

- எட்டோரே சொட்சாஸ்
- பௌஹவுஸ்
- பின்நவீனத்துவம்
- தொழிற்துறை வடிவமைப்பு
- அறைகலன்
- ஒலிவெட்டி